நிகோலா டெஸ்லாவின் தொடக்க ஆண்டுகள்: ஞாயிறு இணைப்புக் கட்டுரை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நிகோலா டெஸ்லாவைப் பற்றி வெளிவரத் தொடங்கியுள்ள இரு பகுதிக் கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். மின்பொறியியலை நெடுங்காலம் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு நாளிதழ் இப்பொருளுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதே எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆயினும், மாறுதிசை மின்னோட்டத்தைக் கண்டுபிடித்தவர் டெஸ்லா என்றும், எடிசன் அவருக்கு 50,000 டாலர் தருவதாக வாக்களித்துவிட்டு ஏமாற்றினார் என்றும் அக்கட்டுரை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. முதலாவது கூற்று தவறு. இரண்டாவது, டெஸ்லாவே தம் கைப்பட எழுதியதற்கு மாறானது. இவ்விரண்டையும்விடப் பெரிய குறை, அவர் பிறந்த 1856 முதல் அவருடைய முதன்மையான காப்புரிமைகள் வழங்கப்பட்ட 1888 வரையான 32 ஆண்டுகள் கட்டுரையில் ஒரே பத்தியில் கடந்துபோய்விடுவதுதான். டெஸ்லா உண்மையில் எதைக் கண்டுபிடித்தார், யார் யாருடைய பட்டறைகளில் எதையெல்லாம் கற்றார், யாருடைய பணத்தில் அதைச் செய்து முடித்தார் என்பதெல்லாம் அந்த ஆண்டுகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது. அவற்றை விட்டுவிட்டால், தன்னந்தனி மேதை ஒருவரை உலகம் வஞ்சித்த கதை மட்டுமே மிஞ்சும். அந்தக் கதை அவருடைய உழைப்பையே மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

மாறுதிசை மின்னோட்டம் டெஸ்லா பிறப்பதற்கு முன்பே வழக்கில் இருந்தது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலை ஆங்கில அறிவியலாளர் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். மறு ஆண்டே பாரிஸில் ஹிப்போலைட் பிக்ஸி கையால் சுழற்றும் மின்னாக்கி ஒன்றைச் செய்தார். அதிலிருந்து வெளிவந்தது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டமே. அதை ஒரே திசையில் ஓடவைக்கும் திசைமாற்றியை, ஆம்பியரின் யோசனைப்படி, பின்னர்தான் பிக்ஸி சேர்த்தார். 1878இல் பாரிஸ் வீதிகளில் ஒளிர்ந்த, ரஷ்யப் பொறியாளர் யப்லச்கோவின் விளக்குகள் மாறுதிசை மின்னோட்டத்தில் எரிந்தவை. கோலார் என்ற பிரெஞ்சுக்காரரும் கிப்ஸ் என்ற ஆங்கிலேயரும் செய்த, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்மாற்றிகள் 1880களின் முற்பகுதியில் ஐரோப்பாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன; புடாபெஸ்டின் கான்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த சிபெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவர் 1885இல் மூடிய இரும்பகம் கொண்ட மின்மாற்றியை உருவாக்கினர். அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி 1886 மார்ச்சில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் மின்மாற்றிகளின் துணையோடு விளக்குகளை எரியவைத்துக் காட்டினார். இவற்றுள் எதிலும் டெஸ்லாவுக்குப் பங்கில்லை; அவரும் பங்கு கோரியதில்லை.

அப்படியானால் எது குறைவாக இருந்தது? மோட்டார். மாறுதிசை மின்னோட்டத்தால் விளக்கு எரிந்தது. ஆனால் தறியையோ நீரேற்றியையோ கடைசல் எந்திரத்தையோ நம்பிக்கையோடு ஓட்டுவதற்கேற்ற மோட்டார் அதற்கு இல்லை. ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தை ஆதரித்தவர்களுக்கு இது வலுவான வாதமாக அமைந்தது: அவர்களிடம் மோட்டார் இருந்தது, விளக்கெரியும் இரவுப் பொழுதில் மட்டுமன்றிப் பகலிலும் அவர்களால் மின்சாரம் விற்க முடிந்தது. டெஸ்லா நிரப்பியது இந்த இடத்தை. அது சிறிய சாதனையன்று. ஆனால் அது எந்தச் சாதனை என்பதைச் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

அவர் 1856 ஜூலை 10ஆம் நாள், இன்றைய குரோஷியாவிலும் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் எல்லைப்புறப் படைப் பகுதியிலும் அடங்கிய ஸ்மில்யான் என்ற கிராமத்தில், ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மிலுடின் கிறித்தவ வைதிகத் திருச்சபையின் குரு. தாய் ஜார்ஜினா பள்ளி சென்றவர் அல்லர். எனினும் நெடிய காப்பியப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்வார், வீட்டு வேலைக்கும் நெசவுக்கும் வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்வார். தம் கைத்திறமும் நினைவாற்றலும் தாயிடமிருந்து வந்தவை என்றே டெஸ்லா கடைசிவரை சொல்லிவந்தார். மூத்த மகன் டானே குதிரை விபத்தில் இளமையிலேயே இறந்துவிட, எஞ்சிய மகனைத் தம்மைப்போல் குருவாக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். கார்லோவாக் பள்ளியில் மார்ட்டின் செகுலிச் என்ற இயற்பியல் ஆசிரியர் காட்டிய மின் சோதனைகள் பையனை வேறு திசையில் இழுத்தன. நான்கு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டுகளில் முடித்து 1873இல் ஊர் திரும்பியவரைக் காலரா பிடித்துக்கொண்டது. ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார். பிழைத்தெழுந்தால் பொறியியல் கல்லூரிக்கே அனுப்புவதாகத் தந்தை சொன்ன பிறகு உடல் தேறியது என்று அவர் எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்களோ தெரியாது. தந்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

1875இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில், படைப் பகுதி நிர்வாகம் அளித்த உதவித்தொகையோடு அவர் சேர்ந்தார். முதலாண்டில் மிக உயர்ந்த மதிப்பெண்கள். அங்கேதான், யாக்கோப் போஷ்ல் என்ற பேராசிரியர் பாரிஸிலிருந்து வந்திருந்த, நேர்மின்னோட்டம் தரும் மின்னாக்கியான கிராம் டைனமோவை வகுப்பில் மோட்டாராக ஓட்டிக் காட்டினார். அன்று அந்த மேசையின் மேல் நிகழ்ந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. சுழலும் சுருளுக்கு மின்சாரம் சென்று சேர, அதன் அச்சில் செப்புத் துண்டுகளால் ஆன திசைமாற்றி என்னும் உருளை பொருத்தப்பட்டிருக்கும்; அதன்மீது இரண்டு தூரிகைகள் அழுந்தி உரசும். உருளை சுழலச் சுழல ஒரு துண்டை விட்டுவிட்டு அடுத்த துண்டைத் தூரிகை தொடும் ஒவ்வொரு கணமும் மின்பொறி தெறிக்கும். தூரிகை தேயும், செப்பு கருகும், துண்டுகளுக்கிடையே கரித்தூள் படியும். அரத்தாளும் துணியுமாக ஒருவர் அதனருகிலேயே இருக்க வேண்டும். இந்த உரசும் உறுப்பே இல்லாமல் மோட்டார் செய்யலாமே என்று டெஸ்லா கேட்டார். பேராசிரியர் அடுத்த வகுப்பு முழுவதையும் அதற்கு மறுப்புச் சொல்லச் செலவிட்டார். டெஸ்லா பெரிய காரியங்களைச் செய்யக்கூடும், ஆனால் இதை மட்டும் ஒருபோதும் செய்யமாட்டார் என்று முடித்தாராம்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லிப் பேராசிரியரைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று கைவசம் இருந்த கோட்பாட்டின்படி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மாணவரிடமும் அப்போது விடை இருக்கவில்லை, ஓர் உறுத்தல் மட்டுமே இருந்தது. அதன் பின் நடந்தவை எந்த மேதைக் கதைக்கும் பொருந்தாதவை. டெஸ்லா சூதாட்டத்தில் விழுந்தார். மூன்றாம் ஆண்டுத் தேர்வுகளை எழுதாமல் 1878 இறுதியில் கிராட்ஸை விட்டு வெளியேறினார். பட்டம் பெறவே இல்லை. குடும்பத்தோடு தொடர்பை அறுத்துக்கொண்டு மாரிபோர் நகரில் மாதம் 60 ஃபுளோரின் சம்பளத்துக்கு வரைவாளராக வேலை பார்த்தார். அங்கே தங்குவதற்கான அனுமதி இல்லையென்று 1879 மார்ச்சில் காவலர்கள் அவரைச் சொந்த ஊருக்குத் திருப்பியனுப்பினர். அடுத்த மாதம் தந்தை இறந்தார். 1880இல் மாமன்மார் பணம் போட்டு பிராக் நகருக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் காலம் கடந்திருந்தது. கட்டாயப் பாடமான கிரேக்கமும் அவருக்குத் தெரியாது. பதிவு செய்துகொள்ளாமலே வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டார். தங்கள் கட்டுரை இவை எதையும் சொல்லாமல் கல்வியைச் சிறப்புற முடித்தவராக அவரைக் காட்டுகிறது.

1881இல் அவர் புடாபெஸ்ட் சென்றது, திவதார் புஷ்காஷ் அங்கே நிறுவிக்கொண்டிருந்த தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில். நிலையம் இன்னும் தயாராகவில்லை. எனவே மையத் தந்தி அலுவலகத்தில் வரைவாளராக இருந்துவிட்டு, பின்னர் தொலைபேசி நிலையத்தின் தலைமை மின்பணியாளரானார். இடையில் கடுமையான நரம்புத் தளர்ச்சி. அன்டால் சிகெட்டி என்ற நண்பர் அவரை நடைப்பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் இழுத்துச் சென்று மீட்டார். 1882 பிப்ரவரியில் ஒரு மாலை, நகரப் பூங்காவில் இருவரும் நடந்துகொண்டிருந்தபோது, மறையும் சூரியனைப் பார்த்து ஜெர்மானியக் கவிஞர் கதேயின் வரிகளை ஒப்பித்த டெஸ்லாவுக்கு விடை தோன்றியது என்றும், கைக்கோலால் தரையில் அதன் படத்தை வரைந்து சிகெட்டிக்குக் காட்டினார் என்றும் அவரே பின்னாளில் எழுதினார். கட்டுரையாளருக்குப் பிடித்த காட்சி இதுதான். அந்த ஒரே பத்தியில் பாதி இதற்கே போயிருக்கிறது. ஆனால் அவர் தரையில் வரைந்தது என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதை விளக்குவது கடினமன்று. ஓர் இரும்பு வளையத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சுருள் இணைகள் இருக்கின்றன என்று கொள்வோம். இரண்டிலும் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது. ஆனால் இரண்டாவது, முதலாவதைவிடக் கால் சுற்று பிந்தியே வருகிறது. முதலாவது உச்சத்தில் இருக்கும் கணத்தில் இரண்டாவது சுழியம். ஆகவே காந்தப்புலம் முதல் சுருளின் திசையில் நிற்கும். சற்று நேரத்தில் முதலாவது குறைந்து இரண்டாவது ஏறி, இரண்டும் சமமாகும். புலம் இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் சாய்ந்திருக்கும். மேலும் சற்று நேரத்தில் முதலாவது சுழியமாகி இரண்டாவது உச்சம் தொடும். புலம் இரண்டாவது சுருளின் திசைக்கு வந்துவிடும். இப்படியே அது வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரும்போ செம்போ எதுவும் அசையவில்லை. காந்தப்புலம் மட்டும் சுழல்கிறது. அதன் நடுவே தனக்குள் மூடிய செப்புச் சுற்றுகளைக் கொண்ட ஓர் உருளையை அச்சில் பொருத்தினால், ஓடும் புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டமே அதனைப் புலத்தின் பின்னால் இழுத்துச் சுழலவைக்கும். தூரிகையும் வேண்டாம், திசைமாற்றியும் வேண்டாம்.

வகுப்பில் இவ்வகை மோட்டார் ஒன்றை, அதாவது தூண்டல் மோட்டாரை, கழற்றிக் காட்டும்போதெல்லாம், ரோட்டருக்கு (நடுவே சுழலும் உருளைக்கு) ஒரு கம்பிகூடப் போகவில்லையே, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை யாராவது ஒரு மாணவர் எழுப்பாமல் இருந்ததில்லை. நான் அவரை மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்வேன். வினாடிக்கு 50 சுழற்சி மின்சாரத்தில், நான்கு காந்தமுனைகள் கொண்ட மோட்டாரின் புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். பலகையிலோ 1,440 என்பது போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ரோட்டர் புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் இரண்டுக்கும் இடையே சார்பியக்கம் இராது, தூண்டலும் இராது, இழுவையும் இராது. எப்போதும் சற்றே பின்தங்கியிருப்பதால்தான் அது ஓடுகிறது. அந்தக் குறையும் 60 சுற்றுகளைப் புரிந்துகொண்ட மாணவருக்கு டெஸ்லாவின் கண்டுபிடிப்பில் பாதி புரிந்துவிட்டது என்று பொருள்.

இந்த எண்ணமும் வெற்றிடத்தில் தோன்றியதன்று. காந்தத்துக்கு அருகில் செப்புத் தட்டைச் சுழற்றினால் காந்த ஊசியும் கூடவே சுழல்வதை பிரெஞ்சு அறிவியலாளர் அராகோ 1824இல் கண்டார். அதன் காரணத்தை ஃபாரடே விளக்கினார். லண்டனில் வால்டர் பெய்லி 1879இல், அசையாத நான்கு மின்காந்தங்களுக்கு மின்னோட்டத்தை மாற்றி மாற்றி அனுப்பி, அவற்றின் மேலிருந்த செப்புத் தட்டைச் சுழலவைத்துக் காட்டினார். அவரிடமும் மின்னோட்டத்தை மாற்ற ஒரு திசைமாற்றி தேவைப்பட்டது. ஒன்றுக்கொன்று பிந்திவரும் மாறுதிசை மின்னோட்டங்களையே பயன்படுத்தினால் அந்த வேலையை மின்னாக்கியே செய்துவிடும் என்று கண்டதும், மின்னாக்கி, கம்பி, மோட்டார் மூன்றையும் ஒரே அமைப்பாகக் கருதியதும்தான் டெஸ்லாவின் தனிச்சிறப்பு.

பூங்காவிலிருந்து காப்புரிமை வரை ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளில் ஐந்துக்கு மேல் அவர் பிறர் வேலையையே செய்தார். 1882இல் புஷ்காஷின் துணையால் பாரிஸிலிருந்த கான்டினென்டல் எடிசன் நிறுவனத்தில் சேர்ந்தார். இவ்ரியில் இருந்த தொழிற்சாலையிலும், பிரான்சிலும் ஜெர்மனியிலும் நிறுவனம் அமைத்த விளக்கு நிலையங்களிலும் பழுது நீக்குவது அவர் பணி. நூலில் படித்த டைனமோ வேறு, எண்ணெயும் புகையுமாக ஓடும் டைனமோ வேறு; இரண்டாவதை அவர் கற்றது எடிசனின் ஆட்களிடம்தான். ஸ்டிராஸ்பர்க் ரயில் நிலையத்தில் நிறுவிய விளக்கு அமைப்பு, முதிய ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் முன்னிலையில் நடந்த திறப்பு விழாவிலேயே குறுக்குச் சுற்று ஏற்பட்டுச் சுவரின் ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டது. ஜெர்மன் மொழி தெரிந்த டெஸ்லாவை அதைச் சீர்செய்ய 1883இல் அனுப்பினார்கள். பகலில் இந்த வேலை; ஓய்வு நேரத்தில், நிலையத்துக்கு எதிரிலிருந்த ஒரு பட்டறையில், பாரிஸிலிருந்து கொண்டுவந்திருந்த பொருள்களை வைத்துத் தம் முதல் மோட்டாரைச் செய்தார். அது ஓடியது. முதலீடு செய்ய அந்நகரில் எவரும் முன்வரவில்லை. பாரிஸ் திரும்பியபோது, தமக்கு வரவேண்டியதாக அவர் நம்பிய ஊக்கத்தொகைக்காக மூன்று நிர்வாகிகள் அவரை மாற்றி மாற்றி அலையவிட்டு, கடைசியில் ஒன்றும் தரவில்லை என்கிறார். நிறுவனத்தின் மேலாளர் சார்லஸ் பேச்சலர் அமெரிக்கா செல்லும்படி அவரை வற்புறுத்தினார்.

1884 ஜூனில் நியூயார்க்கில் இறங்கிய டெஸ்லா, கோர்க் வீதியிலிருந்த எடிசன் எந்திரப் பட்டறையில் உடனே வேலைக்குச் சேர்ந்தார். ஓரிகன் என்ற பயணக் கப்பலின் இரண்டு டைனமோக்களும் பழுதடைந்து, அவற்றை வெளியே எடுக்கவும் வழியின்றிக் கப்பல் புறப்படாமல் நின்றுகொண்டிருந்தது. டெஸ்லா மாலையில் கருவிகளோடு ஏறி, கப்பல் ஊழியர்களின் துணையுடன் இரவு முழுதும் வேலை செய்து இரண்டையும் ஓடவைத்தார். விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்பும் வழியில் எடிசனையும் பேச்சலரையும் சந்திக்க, இரவெல்லாம் சுற்றித் திரிகிறார் நம் பாரிஸ்காரர் என்று எடிசன் கிண்டல் செய்தாராம். கப்பல் சரியாகிவிட்டது என்று கேட்டதும் ஒன்றும் பேசாமல் நகர்ந்து, சற்றுத் தொலைவு போனபின் இவன் கெட்டிக்காரன் என்று பேச்சலரிடம் சொன்னது தம் காதில் விழுந்ததாக டெஸ்லா பதிவு செய்கிறார். எடிசனை வில்லனாகவே காட்டும் கட்டுரைகளில் இந்தப் பகுதி ஏனோ விடுபட்டுப்போகிறது.

இனி அந்த 50,000 டாலர். இதற்கு மூலம், 1919இல் எலெக்ட்ரிக்கல் எக்ஸ்பெரிமென்ட்டர் என்ற அமெரிக்க இதழில் டெஸ்லா எழுதிய தன்வரலாற்றுத் தொடர். 24 வகையான நிலையான டைனமோக்களை வடிவமைத்து முடித்தால் 50,000 டாலர் தருவதாக வாக்களித்தவர் பட்டறையின் மேலாளர் என்றுதான் அதில் இருக்கிறது. எடிசன் என்று இல்லை. வேலை முடிந்தபின் அது வேடிக்கைக்குச் சொன்னது என்று தெரியவர, மனம் நொந்து விலகினார் என்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட இந்தப் பதிவில், அமெரிக்கருடைய நகைச்சுவை உமக்குப் புரியவில்லை என்று எடிசன் சொல்வதாகத் தங்கள் கட்டுரையில் வரும் உரையாடல் கிடையாது. அது பிற்காலத்தவர் சேர்த்தது. வேலையை விட்ட காலத்திலேயே டெஸ்லா எழுதிவந்த குறிப்பேட்டில் இருப்பது, 1884 டிசம்பர் 7 முதல் 1885 ஜனவரி 4 வரையான இரண்டு பக்கங்களை அடைத்து, எடிசன் எந்திரப் பட்டறைக்கு விடைகூறும் ஒரே ஒரு வரி. சம்பளப் பிணக்கோ, தாம் வடிவமைத்த வில்விளக்கு (இரு கரிக்கோல்களுக்கிடையே மின்பொறி எரியும் விளக்கு) அமைப்பை நிறுவனம் பயன்படுத்தாமல் விட்டதோ, இரண்டுமோ காரணமாக இருக்கலாம். எடிசன் கையால் ஏமாற்றப்பட்டார் என்று உறுதியாக எழுத இதில் ஆதாரம் இல்லை. பாரிஸிலும் ஊக்கத்தொகை, நியூயார்க்கிலும் ஊக்கத்தொகை என்று ஒரே வகைக் குறை இரண்டு முறை வருவதையும், எழுத்தில் வாங்காத வாக்கை நம்பும் இயல்பு அவருக்கு இருந்ததையும் கவனமாகப் படிப்பவர் காண்பார்.

எழுத்தில் வாங்கியும் ஏமாந்த இடம் ஒன்று உண்டு; கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1885இல் ராபர்ட் லேன், பெஞ்சமின் வெய்ல் என்ற இருவரின் முதலீட்டில் நியூ ஜெர்சியின் ராவே நகரில் டெஸ்லாவின் பெயரிலேயே ஒரு விளக்கு நிறுவனம் தொடங்கியது. அவர் அமெரிக்காவில் பெற்ற முதல் காப்புரிமைகள் அந்த வில்விளக்குகளுக்கும் அவற்றுக்கான டைனமோவுக்கும் உரியவை. மாறுதிசை மோட்டார் பற்றிய அவருடைய பேச்சில் முதலீட்டாளர்களுக்கு நாட்டமில்லை. நகர வீதிகளில் விளக்கு எரிந்ததும், இனி மின்சாரம் விற்பதே லாபம் என்று முடிவுசெய்து, கண்டுபிடித்தவரை வெளியே விட்டுவிட்டுப் புதிய நிறுவனம் அமைத்தனர். பங்குகளுக்காகக் காப்புரிமைகளை நிறுவனத்துக்கே எழுதிக்கொடுத்திருந்ததால், தம் சொந்தக் கண்டுபிடிப்பின்மீதும் டெஸ்லாவுக்கு உரிமை எஞ்சவில்லை. 1886 இறுதியில் நாளொன்றுக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். தாம் கற்ற உயர்கல்வி அப்போது தம்மையே ஏளனம் செய்வதுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார்.

அவரை அந்தப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட்ட இருவரின் பெயரையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். ஒருவர் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் கண்காணிப்பாளர் ஆல்ஃபிரட் பிரவுன். மற்றவர் வழக்கறிஞர் சார்லஸ் பெக். 1887 ஏப்ரலில் மூவரும் டெஸ்லா மின் நிறுவனத்தைத் தொடங்கினர். வரும் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு டெஸ்லாவுக்கு, ஒரு பங்கு அவ்விருவருக்கும், ஒரு பங்கு மேற்கொண்டு ஆய்வுக்கு என்பது ஒப்பந்தம். லிபர்ட்டி வீதி 89ஆம் எண் கட்டடத்தில் ஆய்வகம் அமைந்தது. புடாபெஸ்டிலிருந்து சிகெட்டியும் வந்து உதவியாளராகச் சேர்ந்தார். மாறுதிசை மோட்டாரில் பெக்குக்கு முதலில் நம்பிக்கை இல்லை. செம்பு பூசிய ஒரு முட்டையைச் சுழலும் காந்தப்புலத்தின் மேல் வைத்து, அது சுழன்று சுழன்று நுனியில் நிமிர்ந்து நிற்பதை டெஸ்லா காட்டிய பிறகே பணம் தாராளமாக வந்தது என்பார்கள். வணிகம் தெரிந்த இருவர் எந்தக் காப்புரிமையை எப்போது கோருவது, யாரிடம் எப்படி விலை பேசுவது என்று வழிநடத்தியிராவிட்டால், மோட்டாரும் ராவே விளக்குகளின் வழியிலேயே கைநழுவிப் போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1887 அக்டோபர் 12இல் முதல் விண்ணப்பம் பதிவாயிற்று. 1888 மே 1ஆம் நாள் ஒரே நாளில் ஏழு காப்புரிமைகள் வழங்கப்பட்டன. மோட்டாருக்கானது 381,968ஆம் எண். கார்னெல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய வில்லியம் அந்தோணி மோட்டார்களைச் சோதித்து, நேர்மின்னோட்ட மோட்டார்களுக்கு அவை குறைந்தவை அல்ல என்றார். எலெக்ட்ரிக்கல் வேர்ல்ட் இதழின் ஆசிரியர் தாமஸ் மார்ட்டின் வற்புறுத்தியதால், மே 16 அன்று கொலம்பியா கல்லூரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் டெஸ்லா உரையாற்றினார். ஜூலைக்குள் அமெரிக்கத் தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமைகளின் பயன்பாட்டு உரிமையை வாங்கினார். ரொக்கத்தோடு, விற்கும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் 2.50 டாலர் உரிமைத்தொகை என்பது பேச்சு.

இங்கே இன்னொருவருக்கும் நீதி செய்ய வேண்டும். டுரின் நகரப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ் 1885லேயே இதே சுழலும் புலத்தைத் தம் ஆய்வகத்தில் செய்து காட்டி, 1888 மார்ச் 18 அன்று, அதாவது டெஸ்லாவின் உரைக்கு இரண்டு மாதம் முன்பே, அறிவியல் கழகத்தில் கட்டுரை வாசித்திருந்தார். ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருக்கவில்லை. அத்தகைய மோட்டாரின் செயல்திறன் பாதியைத் தாண்டாது என்று கணக்கிட்ட ஃபெராரிஸ், அதைத் தொழிலுக்கு உதவாத ஓர் அறிவியல் விந்தையாகவே கருதினார். டெஸ்லா அப்படிக் கருதவில்லை. பட்டறையில் கழிந்த ஆண்டுகள்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நான் எண்ணுகிறேன்: எந்திரம் எங்கே சூடேறும், எதைத் திருத்தலாம் என்பது டைனமோவைத் தன் கையால் கழற்றிப் பூட்டியவருக்குத் தெரியும்.

அதன்பின் பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸின் ஆலோசகராக டெஸ்லா இருந்த ஓராண்டு எளிதாக அமையவில்லை. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் விளக்குகள் வினாடிக்கு 133 சுழற்சியில், இரண்டே கம்பிகளில் ஓடின. டெஸ்லாவின் மோட்டாருக்குக் குறைந்த சுழற்சியும் கூடுதல் கம்பிகளும் வேண்டியிருந்தன. சந்தையில் விற்கத்தக்க மோட்டாராக அதை ஆக்கியதில் அந்நிறுவனத்தின் சார்லஸ் ஸ்காட், பெஞ்சமின் லாம் ஆகியோருக்கும், இன்று நாம் பயன்படுத்தும், மும்முனை மின்சாரத்தில் (ஒன்றுக்கொன்று பிந்திவரும் மூன்று மின்னோட்டங்களில்) ஓடும் கூண்டு வடிவ ரோட்டர் மோட்டாரை 1889இல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் வடிவமைத்த டோலிவோ டோப்ரோவோல்ஸ்கிக்கும் பெரும் பங்குண்டு.

கட்டுரையின் அடுத்த பகுதி 1890களைச் சொல்லும் என அறிவித்திருக்கிறீர்கள். வெஸ்டிங்ஹவுஸுக்காக டெஸ்லா தம் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தார் என்ற காட்சி அதில் இடம்பெறக்கூடும் என்பதால் முன்னதாகவே ஒரு வேண்டுகோள். அது, அவர் மறைந்த மறு ஆண்டான 1944இல் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாற்றின் வழியே பரவியது. உரிமைத்தொகையை அவர் விட்டுக்கொடுத்தது உண்மை. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அப்போது கடன் நெருக்கடியில் இருந்ததும் உண்மை. 1897இல் அதே காப்புரிமைகளை அந்நிறுவனம் 2,16,000 டாலருக்கு மொத்தமாக விலைக்கு வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதினால், ஒன்றுமே பெறாமல் கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் வாசகர்களுக்கு ஏற்படாது. முதல் பகுதியில் உள்ள இரண்டு கூற்றுகளுக்கும் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மின்பொறியியல் ஆசிரியர்